நேற்று எத்தனை மணி நேரம்

சென்னை
10.06.2025

கலா,

பஸ் பார்சலில் ஒரு அட்டைப்பெட்டி வரும். உன் வீட்டுக்காரர் ஹேமநாத்தை அனுப்பி எடுத்துக்கொள். உள்ளே ஐம்பது கேள்வித்தாள், கிளிப் வைத்த அட்டை ஒன்று, நீலப் பேனா பத்து. எனக்கு வேண்டியது நாற்பத்தெட்டுதான். மீதி இரண்டும் உன் மகள் கிழிப்பதற்கு.

நீ எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொள்ளாதே. எம்.ஏ.வில் ஆய்வு முறைகள் தாளில் என்னைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம் வாங்கியவள் நீ. எனக்குப் பிஎச்.டி. இடம் கிடைத்தது, உனக்குக் கல்யாணம் ஆனது. வித்தியாசம் அவ்வளவுதான். களத்தில் நான் நம்பக்கூடிய கண் உன்னுடையது.

பிள்ளையார் கோயில் தெருவும் அதை ஒட்டிய இரண்டு சந்தும் சேர்த்து இருநூற்று நாற்பது தறி வீடுகள். ஐந்து வீட்டுக்கு ஒன்று. சீட்டுப் போட்டதில் மூன்று வந்தது, அதனால் மூன்றாம் வீட்டில் ஆரம்பி. அடுத்தது எட்டு, அடுத்தது பதிமூன்று. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாதே, இன்னொரு வேளை போ. முகம் கொடுக்கிறவர்களை மட்டும் தேடிப் போனால் ஊர் முழுக்க இனிமையாகத்தான் தெரியும்.

பதினாலாம் கேள்விதான் என் ஆய்வேட்டின் உயிர். ‘நேற்று தறியில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?’ எழுதியிருக்கிறபடியே கேள். ‘வழக்கமாக எவ்வளவு நேரம்’ என்று கேட்டால் ஆண்கள் கூட்டிச் சொல்வார்கள், பெண்கள் குறைத்துச் சொல்வார்கள். நேற்று என்றால் நினைவு இருக்கும். பேச்சு எங்கெங்கோ போனால் நேற்றுக்கே இழுத்து வா.

ஒவ்வொரு கட்டோடும் ஒரு கடிதம் வை. வாட்சாப்பில் குரல் அனுப்பாதே. என் கைடு ஜெயச்சந்திரன் சாருக்குக் களக்குறிப்பு என்றால் தேதி போட்ட காகிதம்தான். நானும் அப்படியே எழுதுகிறேன், எல்லாம் ஒரு கோப்பில் சேரட்டும்.

உதயா


ஆரணி
03.07.2025

அன்பு உதயா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இந்த வாக்கியத்தை இனி எல்லாக் கடிதத்திலும் எழுதுவேன் என்று தோன்றுகிறது, முதல் வரியாகவே அச்சடித்து வைத்துக்கொள். பாப்பாவுக்கு நான்கு நாள் சளி. மூச்சு விடும்போது ‘கர்’ரென்று சத்தம் வந்தால் எனக்குப் பேனா பிடிக்கக் கை வராது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றுமில்லைதான்.

போன வாரம் புதன்கிழமை பன்னிரண்டு வீடு முடித்தேன். அன்று அவருக்குத் தறி இல்லாததால் பாப்பாவைப் பார்த்துக்கொண்டார். அவர் தறியில் உட்காரும் நாளில் என்னால் வாசலைத் தாண்ட முடியாது. ஒன்றேகால் வயது, நடக்க ஆரம்பித்துவிட்டாள். தறிக்குழியில் அவர் கால் ஆடுவதைப் பார்த்தால் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நேராக அங்கேதான் போகிறாள். அதனால் இப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத்தான் வேலை செய்யப் போகிறேன். தெருவிலும் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், யாருக்கும் அவசரமில்லை. மற்ற நாளில் போனால் தறிச் சத்தத்தில் நான் கேட்பது அவர்களுக்குக் கேட்காது.

எட்டாம் வீட்டுப் பெரியவர் என் அட்டையைப் பார்த்ததும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

“எந்த ஆபீசும்மா? வீடு குடுக்கறாங்களா?”

“இல்லீங்க தாத்தா. ஆராய்ச்சி பண்றாங்க.”

“எங்களயா? இன்னா தப்பு பண்ணோம்?”

இருபத்துமூன்றாம் வீட்டுப் புஷ்பலதா அக்காவைச் சமாளிக்கத்தான் நேரமானது. வீட்டுக்காரர் இறந்த பிறகு தறியில் தானே உட்காருகிறவர். கேள்வி கேட்டால் மூன்று கேள்விக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறார், நடுவில் நாத்தனார் கதை வேறு. “அக்கா, நேத்து மட்டும் சொல்லுங்கக்கா” என்று நான்கு முறை இழுத்து வந்தேன். “ஸ்கூல் டீச்சரு மாதிரி அதட்டற” என்று சிரித்தார்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காவதாகப் போன வீட்டில் இருக்கும்போது எங்கோ ஒரு குழந்தை அழுதது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். பாப்பா அவர் மார்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள், அழுதது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. திரும்பி வந்து ஒன்பதாம் கேள்வியிலிருந்து தொடர்ந்தேன். இதைக் களக்குறிப்பில் எழுத வேண்டுமா?

கலா


சென்னை
15.07.2025

கலா,

எழுத வேண்டும், எழுதிவிட்டாய். ஓடியது குற்றமில்லை, ஓடியதை மறைத்தால்தான் குற்றம். பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

பன்னிரண்டையும் பார்த்துவிட்டேன். கையெழுத்து இன்னமும் அழகாக இருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது. ஏழாவது தாளில் ஆறாம் கேள்வி காலி.

பதினாலாம் கேள்வியைத்தான் மூன்று முறை பார்த்தேன். பதிமூன்று, பதினாலு, பதிமூன்று, பன்னிரண்டு, பதினாலு. ஏப்ரலில் நான் வந்து ஐந்து வீட்டில் முன்னோட்டம் பார்த்தோமே, அப்போது எட்டு ஒன்பதுக்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை. எழுதியபடியேதான் கேட்டாயா? ‘ரொம்ப கஷ்டப்படறீங்களே’ என்று முன்னால் எதையாவது சொல்லி வைத்தாயா? உன் முகம் எனக்குத் தெரியும். எதிரே இருப்பவர் தன் முதுகைப் பிடித்துக்கொண்டால் உனக்கு வலிக்கும். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்வார்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சரிபார்ப்பது என் வேலை.

உதயா


ஆரணி
28.08.2025

உதயா,

தாமதத்துக்கு இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

இதோடு இருபத்துநாலு தாள் இருக்கிறது, போன மாதம் பன்னிரண்டும் இந்த மாதம் பன்னிரண்டும். எல்லாவற்றிலும் பதினாலாம் கேள்விக்குக் கிட்டத்தட்ட அதே பதில்தான். இந்த முறை கேள்வியை வாயால் சொல்லாமல் தாளைப் பார்த்து வாசித்தேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என் முகம் பதிமூன்று சொல்ல வைத்தது என்று இனி நீ எழுத முடியாது.

இந்தத் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. களம்பூர்க்காரி என்பார்கள், ஹேமநாத் பொண்டாட்டி என்பார்கள், இப்போது பாப்பாம்மா. அரிசி மில்லில் கணக்குப் பிள்ளையாக இருந்த என் அப்பா எனக்கு எம்.ஏ. வரைக்கும் பீஸ் கட்டினார். அந்தச் சான்றிதழ் பாப்பாவின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் கிடக்கிறது. கிளிப் அட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிற அந்த ஒரு நாள்தான் நான் படித்தவள் என்று எனக்கே ஞாபகம் வருகிறது. அந்த ஒரு நாளையும் ‘நீ சரியாகக் கேட்டாயா’ என்று நீ எடுத்துக்கொண்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

நீ இப்படிக் கேட்டால் நீ ஆய்வாளர், சரிபார்க்கிறாய். என்னைக் கேட்டால் நான் வீட்டில் இருப்பவள், ஏதோ தப்புச் செய்திருப்பேன். அப்படித்தானே?

பாப்பா நன்றாக இருக்கிறாள். பல் வருகிறது.

கலா


சென்னை
09.10.2025

என் கலா,

கடைசிக் கட்டும் வந்துவிட்டது. நாற்பத்தெட்டும் முழுமை. போன கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் நியாயம் பேசினேன், கிழித்துப் போட்டேன். இப்போது ஒரே வரி. மன்னித்துக்கொள், இனி கேட்க மாட்டேன்.

கேட்கவும் தேவையில்லை. சராசரி பதிமூன்று மணி இருபது நிமிடம்! பன்னிரண்டுக்குக் கீழே இரண்டே வீடு. இவ்வளவு நெருக்கமாக எண்கள் வந்து நான் பார்த்ததில்லை. ஜெயச்சந்திரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், “உதயா, இது சாதாரண எண் இல்ல” என்றார். அந்த மனிதர் இதற்கு மேல் யாரையும் பாராட்டியது கிடையாது.

ஜனவரியில் பெங்களூரில் கருத்தரங்கு. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ‘பதிமூன்று மணி நேர நாள்: ஆரணி நெசவுக் குடும்பங்களில் உழைப்பு’. எழுதியவர்கள் இரண்டு பேர். என் பெயருக்குக் கீழே உன் பெயர், முழுதாக, சூர்யகலா என்று. பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போடட்டுமா என்று சாரைக் கேட்டேன், அந்த வழக்கம் இல்லை என்றார். எனக்கு வருத்தம்தான்.

அச்செடுத்த முதல் பக்கம் இதோடு இருக்கிறது. தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். பதில் சொன்னவர்கள் யாருக்காவது படித்துக் காட்டு. அவர்களிடமிருந்து எடுத்ததை அவர்களுக்குக் காட்டாமல் மேடையேற்றக் கூடாது இல்லையா.

தீபாவளி வாழ்த்து. பாப்பாவுக்குச் சட்டை அளவு தெரியவில்லை, கொஞ்சம் பெரிதாகவே எடுத்திருக்கிறேன்.

உன் உதயா


ஆரணி
17.11.2025

உதயா,

சட்டை சரியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி அது ஒன்றுதான், அதனால் முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. என் பெயர் அச்சில் இருந்த அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். வாங்கி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார், கசங்காமல் இருக்குமாம். தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆனபிறகு புஷ்பலதா அக்கா வீட்டுக்குச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். பாப்பா இடுப்பில். அக்கா தறியில் இருந்தார். நிறுத்திவிட்டு, “படி, கேப்போம்” என்றார். படித்தேன். நெசவாளர் நாளொன்றுக்குச் சராசரியாகப் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் தறியில் உழைக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

“இரு, இரு. பதிமூணு மணி நேரமா? தெனமுமா?”

“ஆமாக்கா. நீங்ககூட பதினாலு சொன்னீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறியில் நூல் அறுந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச் சிரித்தார். “எங்கள இன்னா மிஷின்னு நெனச்சிகினியா? தெனம் பதினாலு மணி நேரம் குந்தினா சோறு யாரு ஆக்கறது, உங்க டீச்சரா? ஏன்டி, நீ இன்னிக்கி வந்து கேட்டியா? அமாவாசைக்கு அமாவாசை வந்து கேட்ட!”

“அதுக்கு இன்னாக்கா?”

“இன்னாக்காவா? நெசவுக்காரன் வீட்டுக்கு வாழ வந்துட்டு இத கேக்குற பாரு. அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்னிக்கித்தான் முதலாளி வீட்ல புடவ வாங்குவாங்க. அதுக்கு மொத நாளு விடியக் குந்தினா ராத்திரி வரிக்கும் எழுந்துக்க மாட்டோம், புடவய முடிச்சி அறுத்தாவணும். நீ கரீட்டா மறுநாளு வந்து நேத்து எவ்ளோ நேரம்னு கேப்ப. நேத்திக்கி பதினாலு. நானு இன்னா பொய்யா சொன்னேன்?”

“ஏன்க்கா அப்பவே சொல்லல?”

“சொல்ல எங்க உட்ட? வாயத் தொறந்தா ‘நேத்து மட்டும் சொல்லுங்கக்கா, நேத்து மட்டும் சொல்லுங்கக்கா’ன்னு. நாலு தபா அடக்கின. படிச்ச பொண்ணு, அதுக்கு எதுனா காரணம் இருக்கும்னு உட்டுட்டேன்.”

வீட்டுக்கு வந்து மாதக் காலண்டரைப் பார்த்தேன். ஜூன் இருபத்தைந்து, கறுப்பு வட்டம். ஜூலை இருபத்துநாலு, கறுப்பு வட்டம். ஆகஸ்டு இருபத்திரண்டு. செப்டம்பர் இருபத்தொன்று. நான்கும் கறுப்பு வட்டம். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் என் கையாலேயே தேதி எழுதியிருக்கிறேன்.

தெரியாமல் இல்லை, உதயா. அன்று அமாவாசை என்று தெரியும். காலையில் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது அவர் வீட்டில் இருக்கும் நாள், பாப்பா குழியில் விழாத நாள். அதற்கு முந்தின நாள் என்று ஒன்று இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அவரும் அன்றெல்லாம் தறியிலேயே கிடப்பார். சோறு ஆறிப்போகிறதே என்று சத்தம் போட்டிருக்கிறேனே தவிர, தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் என்று கூட்டிப் பார்க்கவில்லை.

இது தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் உனக்கு எழுதாமல் இருந்தேன். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாமா என்றுகூட நினைத்தேன், அப்புறம் அப்படி எழுதி அவளுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்று பயம். உண்மையைச் சொல்கிறேன். பீரோவில் இருக்கிற அந்தக் காகிதம் போய்விடுமே என்றுதான் எழுதவில்லை.

ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று சீட்டுப் போட்டு எடுத்தோம். நாளை யாரும் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று சொல்.

கலா


சென்னை
22.11.2025

சூர்யகலா,

போனில் பேசினால் கத்துவேன் என்பதால் எடுக்கவில்லை.

நான்கு மாதம். ‘அமாவாசையன்று போகிறேன்’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கலாம். ‘அவருக்குத் தறி இல்லாத நாள்’ என்று எழுதினாய். நான் என்ன கண்டேன், சேத்துப்பட்டில் எங்கள் வீட்டில் நெல்லும் மல்லாட்டையும்தான் பயிர், தறி கிடையாது. அமாவாசை என்றால் எங்களுக்குக் கறி கிடையாது, அவ்வளவுதான் தெரியும். அப்புறம் இன்னும் மூன்று வாரம், தெரிந்தே. மார்ச்சில் ஆய்வேடு கொடுக்க வேண்டும், ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இது உனக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தேன். எண்ணில் பொய் இல்லை. அந்த நாளில் அவர்கள் அவ்வளவு நேரம் உழைத்தார்கள். உடம்பு நோகத்தான் உழைத்தார்கள். ‘நேர்காணல்கள் மாதத்தின் குறிப்பிட்ட நாட்களில் நடத்தப்பட்டன’ என்று ஒரு அடிக்குறிப்பு போட்டுவிடுகிறேன். பெரிய எண் போனால் அவர்களுக்கும் நல்லதுதானே? எட்டு மணி நேரம் என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

உன் பெயர் அப்படியே இருக்கும். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

உதயா


ஆரணி
03.12.2025

உதயா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

அந்த அடிக்குறிப்போடு கட்டுரை போவதானால் என் பெயரை எடுத்துவிடு. எனக்கு இன்னொரு கட்டுரை வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் எடுத்துவிடு. ‘குறிப்பிட்ட நாட்கள்’ என்று போட்டால் படிக்கிறவருக்கு அது ஞாயிற்றுக்கிழமையா மழை நாளா என்று எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்றுதானே அப்படி எழுதுகிறாய். நான் குழந்தை அழுததற்கு எழுந்து ஓடியதை எழுதச் சொன்னவள் நீ.

பெரிய எண் அவர்களுக்கு நல்லது என்கிறாய். புஷ்பலதா அக்கா சிரித்தார். நாளைக்கு யாராவது இந்தத் தெருவுக்கு வந்து பதிமூன்று மணி நேரமாமே என்று கேட்டால் தெருவே சிரிக்கும். அதற்குப் பிறகு அவர்கள் சொல்கிற எதை யார் நம்புவார்கள்?

தப்பு என்னுடையது. ஆனால் கொஞ்சம் உன்னுடையதும். ஏப்ரலில் எட்டு, ஒன்பது என்று வந்ததை நீயே எடுத்துக் காட்டினாய். நான் ரோஷப்பட்டேன், நீ விட்டுவிட்டாய். நான் அழுவேன் என்று விட்டாயா, எண் பிடித்துப்போய் விட்டாயா? எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

இதோடு ஆறு தாள் வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் எடுத்தவை, நீ கேட்காதது. அதே வீடுகளில் ஆறு, திங்கள், செவ்வாய், வியாழன் என்று சாதாரண நாளில் போய்க் கேட்டது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். ஒன்பது, ஏழு, பூஜ்யம், எட்டு, பூஜ்யம், பத்து. பூஜ்யம் இரண்டும் பாவு இல்லாத வீடு. முதலாளி பாவு நூல் கொடுத்தால்தான் தறியில் ஏற்ற முடியும், கொடுக்கவில்லை. அதில் ஒன்று புஷ்பலதா அக்கா. நான் பூஜ்யம் போடுவதை எட்டிப் பார்த்தார்.

“சைபர்னு போட்டா நேத்தெல்லாம் தூங்கினேன்னு ஆயிடும். முதலாளி வீட்டு வாசல்ல மூணு தபா போயி நின்னேன். அத எங்க எழுதுவ?”

நம் தாளில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன், பார். அமாவாசையன்று மட்டும் போய்க்கொண்டிருந்தால் காத்திருக்கிற நாள் ஒன்று கூட நம் கண்ணில் பட்டிருக்காது. அமாவாசைக்கு முந்தின நாள் பாவு இல்லாதவர்களும் யாருக்காவது ஊடு நூலைத் தாரில் சுற்றிக்கொடுத்துக்கொண்டு இருப்பார்களாம்.

இன்னொன்றும் குறித்துக்கொள். அட்டையோடு தனியாகப் போனபோது எனக்கு நாற்காலி போட்டார்கள். குழந்தையோடு போனால் பாய் போடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபோது எண் சொன்னவர்கள், பாயில் உட்கார்ந்தால் ஏன் அந்த எண் என்று சொல்கிறார்கள். பாப்பா மூன்றாம் வீட்டில் நூல்கண்டைப் பிரித்துவிட்டாள், அதையும் எழுதியிருக்கிறேன்.

நாற்பத்தெட்டையும் மறுபடி கேட்க நான் தயார். நீ வேறு ஆளைப் போட்டாலும் புரிந்துகொள்வேன்.

கலா


சென்னை
22.12.2025

கலா,

உன் ஆறு தாளையும் மேசையில் வைத்துவிட்டு ஒரு வாரம் வேறு அறையில் படித்தேன். பிறகு சாரிடம் போனேன். உன் கடிதங்களைக் கொடுத்தேன், எல்லாவற்றையும். என்னுடைய கடைசிக் கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். அடிக்குறிப்பு யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

அவர் ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் சொன்னார், “இருபத்தாறு வருஷமா இந்தப் பாடம் எடுக்கறேன். யாரக் கேக்கணும்னு ஒரு மாசம் எடுப்பேன். என்னைக்குக் கேக்கணும்னு ஒரு வகுப்புகூட எடுத்ததில்ல.” நான் அழுவதற்குத் தயாராக இருந்தேன், அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. “கட்டுரைய வாபஸ் வாங்கிடுங்க. எப்ப ஆரணி போறீங்க?” என்றார்.

வாங்கிவிட்டேன். இரண்டு வரி மின்னஞ்சல், அனுப்பிவிட்டு காண்டீனில் மூன்று போண்டா தின்றேன். நீட்டிப்புக்கு மறுபடி விண்ணப்பம். துறைத்தலைவர் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்கு விவரிக்கப் போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். எண் பிடித்துப்போய்த்தான் விட்டேன். நீ அழுவாய் என்பதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது.

வேறு ஆளெல்லாம் கிடையாது. இருபத்துநாலு வீடு உனக்கு, இருபத்துநாலு எனக்கு. நான் நேரில் வருகிறேன். கேள்வித்தாளில் என்ன சேர்க்க வேண்டும், எந்த நாளில் போக வேண்டும் இரண்டையும் நீ முடிவு செய். நான் குறுக்கே பேச மாட்டேன், பேசினால் நேற்றுக்கு இழுத்து வா. எல்லாம் முடிந்ததும், எப்படித் தவறினோம் என்று ஒரு கட்டுரை எழுதுவோம். அதில் முதல் பெயர் உன்னுடையது. இது பரிசு இல்லை, உள்ளே இருக்கிற விஷயத்தைக் கண்டுபிடித்தவள் நீ.

எனக்கு நாற்காலி வேண்டாம். ஆனால் பாய் போட வைக்க என்னிடம் குழந்தை இல்லையே, என்ன செய்வது?

உதயா


ஆரணி
20.01.2026

அன்பு உதயா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பொங்கல், அப்புறம் பாப்பாவுக்கு வாந்தி. கரும்பு. இப்போது நன்றாக இருக்கிறாள். டாக்டரிடம் ஒரே ஒரு முறைதான் போனேன், இதைக் குறித்துக்கொள்.

கேள்வித்தாளில் இரண்டு சேர்த்திருக்கிறேன். ‘நேற்று தறி ஓடவில்லை என்றால், என்ன செய்தீர்கள்?’ என்று ஒன்று. கடைசியில், ‘நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?’ என்று ஒன்று, அதற்கு அரைப் பக்கம் காலி விட்டிருக்கிறேன். புஷ்பலதா அக்காவுக்குப் போதாது, அவருக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு எடுத்துப் போகலாம்.

நாட்களைச் சீட்டுப் போட்டேன். பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டுச் சீட்டு. எட்டு நாள் வேண்டும், நாளுக்கு ஆறு வீடு. நான் எடுத்தால் எனக்கு வசதியான நாளாகக் கை தேடும் என்று பாப்பாவை எடுக்கச் சொன்னேன். ஏழு சீட்டு ஒழுங்காகக் கொடுத்தாள். எட்டாவதை வாயில் போட்டுவிட்டாள். தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு விரலை விட்டு எடுத்தேன், பாதி மென்றிருந்தாள். பிரித்துப் பார்த்தால் ஒன்பதாம் தேதி. அன்று களம்பூரில் என் சித்தப்பா மகள் கல்யாணம். அவர் சிரிக்கிறார், “வேற சீட்டு எடுக்கச் சொல்லேன், அவ தின்னுட்டான்னு எழுதிக்கோ.” பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்றால், நாளுக்கும் அதேதான். ஒன்பதாம் தேதி போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாமான்களை விட்டெறிவாள்.

நான் போகிற நாட்களில் பாப்பாவும் வருவாள். தறிக்குழிப் பக்கம் போகாமல் அந்தந்த வீட்டிலேயே யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கேள்வி கேட்டுக்கொண்டே ஒரு கண் அவள்மேல் இருக்கும். என் தாள்களைப் படிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

நாலு நாள் எனக்கு, நாலு நாள் உனக்கு. உன் நாட்கள் நான்கு, பன்னிரண்டு, பதினேழு, இருபத்தாறு. முந்தின நாளே வந்துவிடு, நம் வீட்டில் தங்கலாம். ஹேமநாத் தறிக்குப் பக்கத்தில்தான் படுக்க இடம், விடியற்காலையில் சத்தம் ஆரம்பித்துவிடும், சொல்லிவிட்டேன்.

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை. காலண்டரில் கறுப்பு வட்டம் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதுவும் அவர்களுடைய நாள்தான், இருபத்தெட்டில் ஒன்று. அன்று ஆறு வீட்டில் கேள். பதினாலு என்று சொன்னால் பதினாலு என்றே எழுது. அதன்பிறகு பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு.

உன் கலா